12 எலெக்ட்ரிக் ஸ்கூல் பஸ், 12 வருட ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் எதையெல்லாம் திருத்தச் சொல்லணும்?

ஏரிக்கரை (கேள்வி)

வணக்கம். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு பள்ளி மாவட்டம். 40 பஸ், அத்தனையும் டீசல். டெப்போ சொந்தம், மெக்கானிக்குகளும் சம்பளத்தில் இருப்பவர்கள். மாநிலச் சட்டப்படி 2027 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவதோ குத்தகைக்கு எடுப்பதோ புகையில்லாத பஸ்ஸாக இருக்கணும். 2035-க்குள் ஓடுவது எல்லாமே மாறியாகணும். முதல் கட்டமாக டைப் சி (முன்னால் மூக்கு நீண்ட வழக்கமான ஸ்கூல் பஸ்) 12 எடுக்கிறோம்.

முன்னால் இருப்பது இரண்டு வழி. ஒன்று, பஸ்ஸை நாமே வாங்கி, சார்ஜருக்குத் தனியாக டெண்டர் விடுவது. இரண்டு, பஸ், சார்ஜர், மின்சாரம், பராமரிப்புச் செலவு எல்லாவற்றையும் ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டு, பஸ் ஒன்றுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று 12 வருடம் வாங்குவது. இரண்டாவதற்கு வரைவு ஒப்பந்தம் வந்திருக்கிறது. போக்குவரத்துக் குழுவில் அதைப் படித்துக் கருத்துச் சொல்லணும். முக்கியமான வரிகள்:

– பஸ்கள் ஆண்டு சராசரியில் 95% தயார்நிலையில் இருக்கும்
– ஒரு சார்ஜில் 130 மைல் வரை ஓடும்
– பஸ் ஒன்றுக்கு வருடம் 12,000 மைல்; அதற்கு மேல் மைலுக்குத் தனிக் கட்டணம்
– ஆண்டுக்கு 2.5% கட்டண உயர்வு
– டெலிவரி "உற்பத்தியாளர் அட்டவணைப்படி"

எங்களுடைய நீளமான ரூட் காலை, மாலை சேர்த்து 70 மைல். ஜனவரியில் விடியற்காலை மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் சாதாரணம். டெப்போவில் இருப்பது 208 வோல்ட் மூன்று ஃபேஸ். சட்டப் பக்கத்தை வக்கீல் பார்த்துக்கொள்கிறார். வண்டி, மின்சாரம், தினசரி இயக்கம் பக்கத்தில் எதைப் பிடிக்கணும்?

---

பிரேக்கர்பெட்டி

முதலில் 208 வோல்ட். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏசி சார்ஜர் விற்பவர்கள் "19.2 கிலோவாட்" என்பார்கள். அது 80 ஆம்ப், 240 வோல்ட்டில் வரும் கணக்கு. உங்கள் 208-ல் அதே 80 ஆம்ப் இழுத்தாலும் 16.6 கிலோவாட்தான் கிடைக்கும். காலை ரூட் முடிந்து 9 மணிக்கு வந்து 1.30-க்குக் கிளம்பும் பஸ்ஸுக்கு நாலரை மணி நேரத்தில் 86 யூனிட்டுக்குப் பதில் 75 யூனிட். அதிலும் ஏறக்குறைய பத்து சதவீதம் சார்ஜிங் இழப்பில் போய்விடும். வரைவில் எந்த எண்ணை வைத்து நேர அட்டவணை போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் 19.2 என்றே இருக்கும்.

இன்னொன்று, எல்லா பஸ்ஸும் ஏசி சார்ஜ் ஏற்காது. தாமஸ் பில்ட் கம்பெனியின் ஜூலி பஸ், சி.சி.எஸ். வகைச் செருகியுள்ள டிசி சார்ஜரில் மட்டும் ஏறும் வண்டியாகத்தான் வந்தது. புளூபேர்ட் கம்பெனியின் விஷன் பஸ் ஏசி, டிசி இரண்டையும் ஏற்கும். பஸ் எது என்று முடிவாகாமல் சார்ஜரை முடிவு செய்யாதீர்கள். சார்ஜிங் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மூக்கை உள்ளே விட்டு நிறுத்துவதா, பின்னால் எடுத்து நிறுத்துவதா, கேபிள் 18 அடி போதுமா 25 அடி வேணுமா எல்லாம் அதை வைத்துத்தான். பனி தள்ளும் வண்டி நுழைகிற டெப்போவில் கேபிள் தரையில் கிடந்தால் ஒரு சீசன் தாங்காது. மேலே இழுத்துக்கொள்ளும் கருவி, இரும்புத் தடுப்புக் கம்பம், சக்கரத் தடுப்பு மூன்றையும் விலைப்பட்டியலில் தனி வரியாகக் கேளுங்கள்.

டிமாண்ட் சார்ஜ் (மாதத்தின் உச்ச கிலோவாட்டுக்குப் போடும் கட்டணம்): மாலை 4.30-க்கு 12 பஸ்ஸையும் செருகினால் உங்கள் 208 வோல்ட்டில் 200 கிலோவாட் உச்சம். ஆனால் தேவை எவ்வளவு? ஜனவரியில் மைலுக்கு 2.5 யூனிட் என்று வையுங்கள். 12 பஸ் × 70 மைல் × 2.5 = 2,100 யூனிட்; இழப்போடு 2,330. மூன்றில் ஒரு பங்கைப் பகலிலேயே ஏற்றிவிட்டால் இரவுக்கு மிஞ்சுவது சுமார் 1,555. மாலை 6 முதல் காலை 6 வரை பரப்பினால் 130 கிலோவாட் போதும். கிலோவாட்டுக்கு மாதம் 15 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் அந்த 70 கிலோவாட் வித்தியாசம் மாதம் 1,050, வருடம் 12,600 டாலர். மின்கட்டணம் நிறுவனம் தலையில் என்றால் அவர்களே கவனமாக இருப்பார்கள். "மின்சாரச் செலவு உள்ளபடி மாவட்டத்திடம் வசூலிக்கப்படும்" என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருந்தால் அந்த 12,600 உங்களுடையது.

சுமைப் பகிர்வு மென்பொருள் இருந்தால் மொத்த சர்வீஸ் (மின் இணைப்பு) கொள்ளளவையும் குறைத்துப் போடலாம். 80 ஆம்ப் தொடர் சுமைக்கு 100 ஆம்ப் பிரேக்கர் வேணும். அப்படி 12 சார்ஜருக்கு முழுக் கணக்குப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மரே பெரிதாகிவிடும். தேசிய மின்விதித் தொகுப்பின் 625.42 பிரிவு, தானியங்கிச் சுமைக் கட்டுப்பாடு இருந்தால் அதன் உச்சவரம்பை வைத்தே கணக்கிட அனுமதிக்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மென்பொருளோடு தொடர்பு அறுந்தால் சார்ஜர் என்ன செய்யும்? பல இடங்களில் குறைந்தபட்சமான 6 ஆம்ப்புக்கு இறங்கும்படி விட்டுவிடுகிறார்கள். 208 வோல்ட்டில் அது 1.25 கிலோவாட். இரவு முழுக்கச் செருகியிருந்தும் காலையில் 15 யூனிட் ஏறியிருக்கும். திரையில் மட்டும் "சார்ஜ் ஆகிறது" என்று பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தொடர்பு அறுந்தால் ஒவ்வொரு சார்ஜரும் 48 ஆம்ப்பில் நிற்கணும் என்று எழுதி வாங்குங்கள். 48 × 208 கிட்டத்தட்ட 10 கிலோவாட், பன்னிரண்டுக்கும் 120. மேலே சொன்ன 130-க்குள் அடங்கிவிடும், காலையில் பஸ்ஸும் கிளம்பும். ஒப்படைப்புச் சோதனை அன்று மோடத்தைக் கழற்றிவிட்டு இதை ஓட்டிப் பார்க்கணும்.

குழி தோண்டுவது ஒரே தடவையாக இருக்கட்டும். இப்போது 12 என்றாலும் 40-க்கும் பைப்பும் கான்கிரீட் மேடையும் போட்டுவிடுங்கள். பைப் மலிவு, தார்த்தளத்தை மறுபடி உடைப்பதுதான் செலவு. 480 வோல்ட் புதுச் சர்வீஸுக்கு மின் நிறுவனத்திடம் இன்றே விண்ணப்பியுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆவது இப்போது சகஜம். பஸ் வந்து நின்று மின்சாரம் வராமல் இருந்தால் குத்தகைக் கட்டணம் எந்தத் தேதியில் ஆரம்பிக்கும் என்று வரைவில் தேடுங்கள்.

---

பிரிவு14

தயார்நிலை 95% என்பதைக் கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். 12 பஸ் × 180 பள்ளி நாள் = 2,160 பஸ்-நாள். அதில் 5% என்றால் 108. அதாவது ஜனவரியில் தொடர்ந்து 9 நாள் 12 பஸ்ஸும் படுத்துக்கிடந்தாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. வகுக்கும் எண் 365 நாளாக இருந்தால் 219 பஸ்-நாள், அதாவது 18 நாள் மொத்தமாகப் படுக்கலாம். கோடையில் சும்மா நிற்கும் பஸ்கள் எல்லாம் "தயாராக" இருந்ததாகக் கணக்கில் ஏறும்.

மாற்று வாசகம் இந்தத் தோரணையில் இருக்கட்டும்: பள்ளி நாட்களில் மட்டும் கணக்கிடப்படும், மாதந்தோறும் கணக்கிடப்படும், காலை 5.30-க்கு அந்த ரூட்டுக்குக் குறிக்கப்பட்ட சார்ஜ் அளவோடு ஓடும் நிலையில் நிற்கும் பஸ்ஸே "தயார்". சார்ஜர் கெட்டதால் பஸ் ஓடாவிட்டாலும் அது பஸ் ஓடாததுதான். சார்ஜர் தயார்நிலை தனி, பஸ் தயார்நிலை தனி என்று பிரித்தால் இரண்டுமே 97% காட்டிக்கொண்டே பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள்.

அபராதம் எவ்வளவு என்பதைவிட எப்படிக் கைக்கு வரும் என்பதே பெரிது. மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி பள்ளிகள் 2021-ல் ஹைலண்ட் என்ற எலெக்ட்ரிக் பஸ் சேவை நிறுவனத்தோடு 326 பஸ்ஸுக்கு ஒப்பந்தம் போட்டன. நாட்டிலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது. டெலிவரி தாமதமானது. 2024-ல் கவுண்டி இன்ஸ்பெக்டர் ஜெனரல் அறிக்கையில் வந்த விஷயம்: தாமதத்துக்காக வசூலித்திருக்கக்கூடிய 3,72,235 டாலரை மாவட்டம் வசூலிக்கவில்லை; இடைவெளியை நிரப்ப 90 டீசல் பஸ்ஸை 1.47 கோடி டாலருக்கு வாங்கவேண்டியதாயிற்று. பஸ் ஒன்று 1.63 லட்சம் விழுகிறது. ஆக, அபராத வாசகம் காகிதத்தில் இருந்தால் போதாது. "அடுத்த மாத பில்லில் தானாகக் கழிக்கப்படும், மாவட்டம் கோரிக்கை அனுப்பத் தேவையில்லை" என்று இருக்கணும். ஒரு பஸ்-நாளுக்கான தொகை, உங்கள் ஊரில் மாற்று பஸ்ஸும் ஓட்டுநரும் ஒரு நாள் எடுக்க ஆகும் செலவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

"உற்பத்தியாளர் அட்டவணைப்படி" என்ற வரியை அடித்துவிடுங்கள். தேதி போடுங்கள், கூடவே ஒரு கடைசித் தேதியும். அதற்குள் வராத பஸ்ஸை அபராதமின்றி ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு. கூடவே, புதுப் பஸ் ஒப்படைப்புச் சோதனையில் தேறும்வரை பழைய டீசலை அழிக்கக் கூடாது. ஈ.பி.ஏ. (கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) மானியம் வாங்கினால், அதன் விதிப்படி எஞ்சின் பிளாக்கில் 3 அங்குல ஓட்டை போட்டு, சேஸிஸ் தண்டவாளத்தை இரண்டாக வெட்டிய பிறகு அந்த வண்டியை யாரும் திரும்ப ஓட்ட முடியாது. அழிப்புக் கெடு நெருங்கினால் ஈ.பி.ஏ.யிடம் கால நீட்டிப்புக் கேட்பது யார் வேலை என்பதையும் எழுதிவிடுங்கள்.

12,000 மைல்: உங்கள் 70 மைல் ரூட்டே 180 நாளில் 12,600 வருகிறது. விளையாட்டுப் பயணம், கல்விச் சுற்றுலா இன்னும் சேரவில்லை. பஸ் ஒவ்வொன்றுக்கும் 12,000 என்பதை 12 பஸ்ஸுக்கும் சேர்த்து 1,44,000 மைல் என்று பொதுத் தொகுப்பாக மாற்றச் சொல்லுங்கள். குட்டி ரூட்டில் மிஞ்சுவது நீள ரூட்டுக்கு ஈடாகும். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

2.5% உயர்வு 12-ஆம் வருடத்தில் முதல் வருடக் கட்டணத்தைப் போல் 1.31 மடங்கு. மின்சாரம், உதிரிபாகம் ஏறும், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் பஸ்ஸின் விலை முதல் நாளே முடிந்துபோன கணக்கு. அதற்கும் ஏன் உயர்வு? கட்டணத்தை நாலாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: வண்டி, சார்ஜிங் கட்டமைப்பு, மின்சாரம், பராமரிப்பு. உயர்வு கடைசி இரண்டுக்கு மட்டும். மாநிலப் போக்குவரத்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்தப் பிரிவினை இல்லாமல் ஒரே மொத்தத் தொகையாக இருந்தால் எது தகுதி, எது தகுதியில்லை என்று இழுபறி வரும். உங்கள் உதவி விகிதம் 90% பக்கம் இருந்தால் இந்த ஒரு விஷயமே எந்த வழி லாபம் என்பதைப் புரட்டிப்போட்டுவிடும். கையெழுத்துக்கு முன் மாநிலக் கல்வித் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வரிச் சலுகை இன்னொரு பள்ளம். பஸ் ஒன்றுக்கு 40,000 டாலர் வரை கிடைத்த 45டபிள்யூ என்ற கூட்டாட்சி வரிச் சலுகை, 2025 செப்டம்பர் 30-க்குப் பின் கையகப்படுத்தும் வண்டிகளுக்கு இல்லை. வரைவு அதற்கு முன் தயாரானது என்றால் விலைக்குள் 4,80,000 டாலர் நம்பிக்கை உட்கார்ந்திருக்கலாம். "சட்ட மாற்றம்" என்ற தலைப்பில் ஒரு பிரிவு இருக்கும். சலுகை கிடைக்காவிட்டால் கட்டணம் ஏறும் என்று அங்கேதான் இருக்கும்.

---

ஏரிக்கரை

சட்ட மாற்றப் பிரிவு இருக்கிறது, நீங்கள் சொன்ன மாதிரியே. குறித்துக்கொண்டேன். 130 மைல் விஷயத்தில் யாராவது? விற்பனையாளர் "உங்கள் ரூட் 70 தானே, இரண்டு மடங்கு இருக்கு" என்கிறார்.

---

பனிக்காடு (ரொறன்ரோ)

இரண்டு மடங்கு எண்டு சொல்லுறது யூன் மாதக் கதை. குளிரில கணக்கு வேற.

உதாரணத்துக்கு 226 யூனிட் பற்றறி எடுப்பம். 12-ஆம் வருசத்தில அது 80 வீதத்தில நிக்குது எண்டால் 181. சாரதி ஒருத்தரும் கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட மாட்டினம்; 15 வீதம் கையிருப்பு விட்டால் 154. முழுக்க மின் ஹீற்றரோட மைனஸ் 15-இல மைலுக்கு 2.6 யூனிட் எண்டால் 59 மைல். உங்கட ரூட் 70. மத்தியானம் இடையில ஏத்தினால்தான் சரிவரும், அதுவும் மத்தியானம் மின்தடை வராட்டி.

ஆகவே "130 மைல் வரை" எண்டதை எடுத்துப்போட்டு இப்பிடி எழுதச் சொல்லுங்கோ: வெளியில மைனஸ் 18, உள்ளுக்கு ஹீற்றர் ஓடிக்கொண்டிருக்க, 15 வீதம் மிச்சத்தோட, ஒப்பந்தத்தின்ர கடைசி வருசம் வரைக்கும் இத்தனை மைல். அந்த எண் வராட்டி பற்றறி மாத்துறது அவையின்ர பொறுப்பு. "வரை" எண்ட சொல் இருக்கிற இடத்தில உத்தரவாதம் எண்டு ஒண்டும் இல்லை. முதல் பஸ் வந்த உடன, மணல்மூட்டை ஏத்தி, உங்கட நீள ரூட்டில, நிக்கிற இடமெல்லாம் கதவைத் திறந்து மூடி ஓட்டிப் பாருங்கோ. கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் சூடு வெளியில போகும். அதைச் சோதனையில விட்டால் எண் அழகாத்தான் வரும்.

டீசலில எரியுற துணை ஹீற்றர் பூட்டினால் பற்றறியில பெரிய பாரம் குறையும். கொள்கைப்படி பிடிக்காத ஆக்கள் இருப்பினம், ஆனால் நீள ரூட்டுக்கு அது ஓடுறதுக்கும் நடுவழியில நிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். மானியத்தில இதுக்கு இடம் இருக்கோ எண்டு முதலே கேட்டுக்கொள்ளுங்கோ. மற்றது, கிளம்ப முதல் அரை மணித்தியாலம் செருகி வச்சபடியே பஸ்ஸைச் சூடாக்கோணும். ஆனால் 12 பஸ்ஸும் 5.15-க்கு ஒண்டாச் சூடாக்கத் தொடங்கினால், ஒவ்வொண்டும் 15 கிலோவாட் எண்டாலும் 180. பிரேக்கர்பெட்டி சொன்ன 130 அங்கேயே உடையுது. நாலு நாலாப் பிரிச்சு நேரம் வையுங்கோ.

கியூபெக் கொம்பனி லயன்ர பஸ்ஸை ஆரும் காட்டினால் இதையும் யோசியுங்கோ. 2024 டிசம்பரில கடன்காரரிட்ட இருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போச்சுது. 2025-இல புது முதலீட்டாளர்கள் எடுத்த பிறகு, அமெரிக்காவில வித்த பஸ்களின்ர வாரன்டி கைவிடப்பட்டுது. 2025 செப்டெம்பரில மொன்றியலில ஒரு பஸ் தீப்பிடிச்சு, கியூபெக்கில ஏறக்குறைய 1,200 பஸ் சோதனைக்கெண்டு நிறுத்தினவை. அதுக்கு முதல் 2023 ஆகஸ்டில புரோட்டெரா. அது தாமஸ் பஸ்ஸுக்குப் பற்றறி குடுத்த கொம்பனி. அதுவும் திவால் மனு. பஸ்ஸில எழுதியிருக்கிற பேர் நிண்டாலும் உள்ளுக்கு இருக்கிற பேர் விழலாம். பற்றறி வாரன்டி உங்கட மாவட்டத்தின்ர பேருக்கே நேரா எழுதப்படவேணும். குத்தகைக் கொம்பனிக்கு மட்டும் எண்டால், அது போனால் எல்லாம் போச்சு. பிழை வாசிக்கிற மென்பொருளும் அதின்ர அனுமதியும் உங்கட கராஜில இருக்கோணும். இல்லாட்டி ஒரு சின்ன சென்சர் பிழைக்கும் ஆள் வரும்வரை பஸ் நிக்கும்.

பெரிய பற்றறி பற்றித்தான் எல்லாரும் கதைப்பினம். ஆனால் பஸ் காலமை எழும்பாமல் கிடக்கிறதுக்குக் கனதரம் காரணம் சின்ன 12 வோல்ட் பற்றறி. நத்தார் விடுமுறையில பத்து நாள் சும்மா விட்டால் கமெரா, மோடம், ரேடியோ எல்லாம் மெல்ல மெல்லக் குடிச்சு முடிச்சுவிடும். விடுமுறைக்கும் செருகி வைக்கிறதோ, கட்-ஓஃப் சுவிட்ச் போடுறதோ எண்டு உற்பத்தியாளரிட்டக் கேட்டு, கராஜ் சுவரில எழுதி ஒட்டுங்கோ.

---

மஞ்சள்வண்டி

மேலே இருப்பதோடு உடன்படுகிறேன். ஆனால் எல்லாரும் இரண்டாவது வழியைச் செப்பனிடுவதிலேயே இருக்கிறீர்கள். 40 பஸ், சொந்த மெக்கானிக், சொந்த டெப்போ இருக்கிற மாவட்டத்துக்கு முதல் வழிதான் பல சமயம் பொருந்தும். மாநில ஊக்கத்தொகை வவுச்சராக விற்பனையாளரிடமே கழிக்கப்படுவதால் முன்பணச் சுமை குறையும். கூட்டுக் கொள்முதல் ஒப்பந்தம் வழியாக வாங்கினால் தனி டெண்டர் வேலையும் குறையும். ஆனால் கூட்டாட்சிப் பணம் கலந்திருந்தால் போட்டி முறையில் தேர்ந்தெடுத்ததற்கான காகிதம் கையில் இருக்கணும். சேவை ஒப்பந்தக்காரரே மானியத்துக்கும் விண்ணப்பித்துக் கொடுத்து, பிறகு அவருக்கே வேலையும் போனால் தணிக்கையில் முதல் கேள்வி அதுதான்.

சேவை ஒப்பந்தம் அர்த்தமுள்ளதாக ஆவது இரண்டு இடத்தில்: கடன் வாங்கும் வரம்பு முட்டியிருக்கிற மாவட்டம், மின் வேலையை மேற்பார்க்க ஒரு ஆள்கூட இல்லாத மாவட்டம். இந்த இரண்டில் பின்னது உங்களுக்குப் பொருந்தலாம். அப்படியானால் நடுவழி ஒன்று: பஸ்ஸை வாங்குங்கள், சார்ஜிங்கை மட்டும் சேவையாக எடுங்கள். சார்ஜர் ஓ.சி.பி.பி. (சார்ஜரும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை) 1.6 அல்லது 2.0.1 பேசணும், ஒப்பந்தம் முடிந்தால் வேறு மென்பொருளுக்கு மாற்றித் தரணும்.

பஸ்ஸிலிருந்து மின்கட்டமைப்புக்குத் திருப்பி விற்று வருமானம் என்று ஒரு பக்கம் விளக்கப்படம் இருக்குமே, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மாசசூசெட்ஸ் பெவர்லியில் 2021 கோடையில் ஒரு பஸ் 50 மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் திருப்பிக் கொடுத்தது. மொத்தம் கிட்டத்தட்ட 3,000 யூனிட். தொழில்நுட்பம் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று, சரி. பட்ஜெட்டைத் தாங்கும் தொகை இல்லை. இருவழி டிசி சார்ஜரும் மின் நிறுவனத்தின் இணைப்பு அனுமதியும் தனிச் செலவு. கலிஃபோர்னியா ஓக்லாந்தில் 74 பஸ்ஸையும் இருவழியாகவே போட்டார்கள், ஆனால் அது முழு அணியையும் ஓட்டும் ஒப்பந்ததாரர் போட்டது. அளவு வேறு.

மெக்கானிக்குகள் பக்கம்: 1,000 வோல்ட் வகுப்பு 0 ரப்பர் கையுறை, மேலே தோல் கையுறை. ரப்பரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்பணும், அதனால் ஆளுக்கு இரண்டு ஜோடி. உயர் மின்னழுத்தப் பயிற்சிக்கு இரண்டு பேரை அனுப்பினால் ஒருவர் விடுப்பில் இருக்கும்போது வேலை நின்றுவிடும், மூன்று பேர். பயிற்சி டெலிவரிக்கு முன்பே நடக்கணும் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். பின்னால் என்றால் அது நடக்காது.

---

ஏரிக்கரை

நன்றி. மே மாத மூன்றாவது செவ்வாய் நடக்கும் பள்ளி பட்ஜெட் வாக்கெடுப்புக்கு இது போகணும். அதில் டீசல் உதிரி பஸ் பற்றி எழுதுவதா வேண்டாமா? எத்தனை வைத்துக்கொள்ளலாம்?

---

பிரிவு14

எழுதுங்கள். 12-க்கு 2 டீசல் உதிரி, முதல் இரண்டு குளிர்காலத்துக்கு. ஏற்கெனவே உங்களிடம் இருப்பதுதான், புதிதாக வாங்கவில்லை. அதனால் 2027 விதிக்குள் வராது. ஆனால் மானியத்துக்காக அழிக்கும் பட்டியலில் அந்த இரண்டின் வண்டி அடையாள எண் இருக்கக் கூடாது. பட்டியலை இப்போதே எடுத்துப் பாருங்கள். அழிக்க வேண்டியது மானிய விதிக்கு உட்பட்ட பழைய மாடல். வைத்துக்கொள்ள வேண்டியது நல்ல நிலையில் உள்ளது. அவசரத்தில் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

2027 விதிக்கு 24 மாதக் கால நீட்டிப்புக் கேட்டும் மாநிலக் கல்வித் துறையிடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் தேதி எழுத்தில் வந்ததும் முடிவெடுங்கள். அந்தக் கடிதம் விண்ணப்பத்தோடு வைக்கவும் உதவும்.